கட்டியவர் தெரிந்த சுரங்கமும் கட்டியவர் தெரியாத சுரங்கமும்

பழைய நகரம் ஒன்றின் அடியில் சுரங்கம் இருப்பது தெரியவந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எதற்காகத் தோண்டினார்கள்?" என்பதுதான். புதையல், தப்பியோடும் வழி, ரகசிய வழிபாடு என்று ஊகங்கள் வரிசைகட்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எட்ஜ் ஹில் பகுதிக்கு அடியிலும், பிரான்சின் லியோன் நகரில் குருவா ரூஸ் குன்றுக்கு அடியிலும் உள்ள சுரங்கங்கள் இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் தரவில்லை.

இரண்டுக்கும் உருவ ஒற்றுமை கிடையாது. ஒன்றில் தோண்டச் சொன்னவரின் பெயர், பிறந்த ஊர், தொழில், மனைவி, இறந்த தேதி எல்லாம் தெரியும். மற்றதில் ஒரு பெயர்கூட இல்லை. ஒன்று எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதது. மற்றது அளவெடுத்து அமைத்தது. ஒன்று குப்பையால் அடைபட்டுக் கிடந்தது. மற்றது துடைத்துவைத்தாற்போல் வெறுமையாக இருந்தது. இவ்வளவு எதிரெதிரான இரண்டும் ஒரே கேள்வியில் வந்து முட்டி நிற்கின்றன என்றால், கேள்வியையே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு குன்றுகள்

லிவர்பூலின் கிழக்கே சிவந்த மணற்கல் மேடாக எழுவது எட்ஜ் ஹில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நகரத்துக்கு வெளியே, அதிகம் வீடுகள் இல்லாத இடம். 1805இல் அங்கே மேசன் தெருவில் நிலம் வாங்கியவர் ஜோசப் வில்லியம்சன். 1769இல் யார்க்‌ஷர் பகுதியில் பிறந்து, சிறுவனாக லிவர்பூலுக்குப் பிழைக்க வந்து, ரிச்சர்ட் டேட் என்பவரின் புகையிலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். முதலாளியின் மகள் எலிசபெத்தை 1802இல் மணந்தார். அந்தத் தொழிலும் பிறகு அவர் கைக்கே வந்தது. பணம் சேர்ந்த பிறகு கட்டடம் கட்டுவதில் இறங்கினார். வரைபடம் எதுவும் இல்லாமல், தோன்றியபடி வீடுகளை எழுப்பினார். வீட்டின் பின்புறம் நிலம் சரிந்து இறங்கியதால், தோட்டம் போடச் சமதளம் வேண்டி வளைவுகளைக் கட்டி அவற்றின்மேல் மண் நிரப்பினார். அந்த வளைவுகளோடு வேலை நிற்கவில்லை. வீடுகளுக்கு அடியிலும் தெருவுக்கு அடியிலும் பாறையைக் குடைந்துகொண்டே போனார்கள். 1840 மே மாதம் அவர் இறந்தபோதுதான் வேலை ஓய்ந்தது.

குருவா ரூஸ் குன்று ரோன், சோன் என்ற இரு ஆறுகளுக்கு நடுவே எழுகிறது. கி.மு. 43இல் ரோமானியர்கள் நிறுவிய லுக்டூனும் நகரம் சோன் ஆற்றுக்கு அக்கரையில், ஃபூர்வியேர் குன்றின்மேல் இருந்தது. குருவா ரூஸின் அடிவாரத்தில் இருந்தது வேறொன்று: கோல் நாட்டு இனக்குழுக்களின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் கூடிய வழிபாட்டிடம். கி.மு. 12இல் அங்கே ரோமுக்கும் பேரரசர் அகஸ்டஸுக்கும் பலிபீடம் நிறுவப்பட்டது. பக்கத்திலேயே எழுந்த வட்டரங்கின் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். பல நூற்றாண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், இதே குன்று பட்டு நெசவாளர்களின் பேட்டையாயிற்று. உயரமான ஜக்கார்ட் தறிகள் நிற்பதற்காகக் கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகள் இன்றும் அங்கே உள்ளன. 1831இலும் 1834இலும் அந்த நெசவாளர்கள் நடத்திய கிளர்ச்சிகள் ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றவை. ஃபூர்வியேரை வழிபடும் குன்று என்றும் குருவா ரூஸை உழைக்கும் குன்று என்றும் லியோன்காரர்கள் சொல்வது வழக்கம். உழைக்கும் குன்றின் வயிற்றுக்குள் தறிக்காரர்களுக்கு மிக முந்தைய உழைப்பு ஒன்று கிடந்தது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

வெளிப்பட்ட விதம்

வில்லியம்சனின் சுரங்கங்களை லிவர்பூல் ஒருபோதும் அடியோடு மறந்துவிடவில்லை. அவர் இறந்து ஐந்து ஆண்டுகளில், 1845இல், ஜேம்ஸ் ஸ்டோன்ஹவுஸ் என்ற எழுத்தாளர் உள்ளே இறங்கிப் பார்த்துக் குறிப்பெழுதினார். 1867இல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்த இடம் சுகாதாரக் கேடாகிவிட்டது என்று எழுதியது. வீடுகளின் சாக்கடைகள் நேரே சுரங்கத்துக்குள் விழுந்தன, நீர் தேங்கியது, நாற்றம் எழுந்தது. அதன் பிறகு நிரப்பும் வேலை தொடங்கியது. இடிக்கப்பட்ட வீடுகளின் செங்கல், அடுப்புச் சாம்பல், வீட்டுக் கழிவு எல்லாம் உள்ளே போயின. தாத்தாமார் சொன்ன கதையாக மட்டும் சுரங்கம் மிஞ்சியது. 1995இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்கள் தரையின் ஈர்ப்பு விசையில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அளந்து வெற்றிடங்களைத் தேடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தன்னார்வ அமைப்புகள் உருவாயின. 2002இல் சுரங்கத்தின் ஒரு பகுதி பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

லியோனில் கதைகூட மிஞ்சவில்லை. அங்கே சுரங்கத்தைக் காட்டிக்கொடுத்தது நிலச்சரிவு பற்றிய அச்சம். 1930 நவம்பரில் ஓர் இரவு ஃபூர்வியேர் குன்றின் சரிவு பெயர்ந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலரும் அடுத்த சரிவில் புதைந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் குருவா ரூஸின் சரிவிலும் உயிரைப் பறித்த விபத்து நேர்ந்தது. குன்றுக்குள் நீர் வடியப் போட்ட பழைய கால்வாய்கள் அடைபட்டு, மண் நீரை உறிஞ்சிக் கனத்துப்போவது ஆபத்து என்பது அன்றிலிருந்து நகராட்சிக்குப் பாடம். குன்றுச் சரிவுகளையும் நிலத்தடி வழிகளையும் கண்காணிக்கத் தனி ஏற்பாடே வந்தது. 1950களின் இறுதியில் தரை அமிழ்ந்ததைச் சரிசெய்ய இறங்கிய பணியில்தான் யாரும் எதிர்பாராத அந்த அமைப்பு தட்டுப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். லிவர்பூலில் முதலில் உள்ளே போய் எழுதியவர் ஊர்க்கதையில் ஆர்வமுள்ள ஓர் எழுத்தாளர். லியோனில் முதலில் போனவர்கள் பொறியாளர்கள். மேலே நிற்கும் வீடுகள் நிலைக்குமா என்பதுதான் அவர்கள் கவலை. தொல்லியலாளர்களின் முறையான ஆய்வு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்தே நடந்தது. குருவா ரூஸுக்குள் 1952 முதல் இருந்துவந்த சாலைச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் பேருந்துகளுக்குமாக இரண்டாவது குழாயைக் குடையத் திட்டமிட்டபோது அந்த ஆய்வு கட்டாயமாயிற்று. 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் புதிய வழிக்காகப் பழைய அமைப்பின் சில கிளைகள் வெட்டுப்பட்டன. ஒன்றை அறியும் வாய்ப்பும் அதன் ஒரு பகுதியை இழக்கும் நிலையும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வந்தன.

ஒழுங்கும் ஒழுங்கின்மையும்

லியோனின் அமைப்பை வரைபடத்தில் பார்த்தவுடனே அதற்குப் பெயர் வைத்துவிடலாம். மீன்முள் என்றே அதை அழைக்கிறார்கள். நடுவே முதுகெலும்பாக ஒரு நேர்ப்பாதை. அதற்குக் கீழே அதே போக்கில் இன்னொரு பாதை. மேல்பாதையின் இருபுறமும் சம இடைவெளியில் முப்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், ஒவ்வொன்றும் முட்டுச்சந்து. கிளைகள் முதுகெலும்பைச் சந்திக்கும் இடங்களிலிருந்து கிணறுகள் மேலே எழுகின்றன. கிளைகளை மட்டும் கூட்டினாலே ஒரு கிலோமீட்டர் அளவுக்கு, எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத பாதை. சுவரும் வளைவுக் கூரையும் கல்லால் கட்டி, சுண்ணாம்புக் காரையால் இணைக்கப்பட்டவை. ஒரு கிளையில் நின்றவர் பக்கத்துக் கிளைக்குப் போனால் இடம் மாறியதே தெரியாது. ஆளும் பொருளும் திட்டமும் நிறைய உள்ள ஓர் அதிகாரம்தான் இதைச் செய்திருக்க முடியும்.

எட்ஜ் ஹில்லில் இதற்கு நேர்மாறு. ஓரிடத்தில் உயரமான மண்டபம் போன்ற குடைவு. அடுத்த இடத்தில் குனிந்து போக வேண்டிய வழி. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வளைவுகள் ஓரிடத்தில் உள்ளன. செங்கல் வளைவு ஒன்று பாதியில் கல் வளைவாக மாறுகிறது. சுவரில் கதவுக்கு இடம் விட்டிருக்கும். அதன் பின்னால் பாறைதான் இருக்கும். திட்டமிட்டவர் ஒருவரே என்றாலும் திட்டம் தினமும் மாறியிருக்கிறது. அவருடைய வீடுகளைப் பற்றிச் சொல்லப்படுவதும் இதுதான்.

அமைப்பைப் பார்த்து நோக்கத்தை ஊகிப்பது நம் வழக்கம். களஞ்சியம் களஞ்சியம் போலவும் சிறை சிறை போலவும் இருக்கும் என்று நம்புகிறோம். லிவர்பூலில் இந்த வழக்கம் தோற்கும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அமைப்பே இல்லாத இடத்தில் அது எதைச் சொல்லும்? லியோனிலும் தோற்பதுதான் வியப்பு. அத்தனை கிளைகளும் ஒரே அளவில் இருப்பதால், இங்கே ஏதோ ஒன்று திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது என்பதற்கு மேல் ஒழுங்கு வாய் திறப்பதில்லை. ரோமானிய உலகின் பிற நகரங்களில் இதற்கு ஒப்பாகக் காட்ட ஒன்று இருந்தால் உதவும். அப்படி ஒன்றும் தெரியவரவில்லை.

குப்பையும் வெறுமையும்

லிவர்பூலில் தன்னார்வலர்கள் மண்வாரியும் வாளியுமாக வாரந்தோறும் இறங்கிச் செய்வது, முன்னோர்கள் கொட்டியதை மேலே கொண்டுவருவதுதான். ஒரு வாளி மண்ணைச் சலித்தால் வெளிவருவது எளிய மக்களின் அன்றாடம்: களிமண் புகைக்குழாயின் உடைந்த தண்டு, மருந்துப் புட்டி, ஜாம் ஜாடி, நீல வேலைப்பாடுள்ள தட்டின் ஓர் ஓரம், சிப்பி ஓடு, படுக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மூத்திரச் சட்டி. ஒரு தொழிலாளர் பேட்டை என்ன சாப்பிட்டது, எதைப் புகைத்தது, எந்த மருந்தை நம்பியது என்பதை அடுக்கடுக்காகப் படிக்க முடிகிறது.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வில்லியம்சன் காலத்துக்குப் பிந்தியவை. கொட்டியவர்களைப் பற்றிப் பேசும் குப்பை, தோண்டியவரைப் பற்றி மௌனமாக இருக்கிறது. சான்று மலையாகக் குவிந்திருந்தும் அது வேறு வழக்குக்கான சான்றாகிவிட்டது.

லியோனில் அந்த வசதியும் இல்லை. இன்னார் இன்னதற்குப் பயன்படுத்தினார் என்று காட்டும் ஜாடியோ நாணயமோ கல்வெட்டோ பயன்பாட்டுக் காலத்தைச் சொல்லும்படி அங்கே கிடைக்கவில்லை. இவ்வளவு செலவில் கட்டிய ஒன்றைப் பயன்படுத்தியதன் தடம் இல்லை. வேலை முடிந்ததும் கைவிட்டார்களா, உள்ளே இருந்ததை ஒன்றுவிடாமல் எடுத்துப்போனார்களா என்பதைச் சுவர்களை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இடத்தை நிரப்பிய கதைகள்

சான்று விட்ட இடத்தைக் கதை பிடித்துக்கொள்ளும். எந்த ஊர் எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தது என்பது கவனிக்கத் தக்கது.

லிவர்பூலில் கதைகள் எல்லாம் ஒரு மனிதரைச் சுற்றியே வருகின்றன. விருந்துக்கு அழைத்தவர்களுக்கு வில்லியம்சன் பன்றி இறைச்சியும் அவரையும் மட்டும் பரிமாறினாராம். முகம் சுளித்தவர்கள் எழுந்து போனதும், தங்கியவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போய் ராஜ விருந்து கொடுத்தாராம். 1836இல் திறந்த லைம் தெரு ரயில் சுரங்கத்தை வெட்டியவர்கள் ஒருநாள் அவருடைய ஆட்கள் இருந்த குடைவுக்குள் உடைத்துக்கொண்டு வந்து விழுந்து, பூதங்களைக் கண்டதுபோல் மிரண்டார்களாம். உலகம் அழியப்போகிறது என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர், தப்பிப் பிழைக்கவே தோண்டினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. இவற்றுக்கு நடுவே நிற்பது தர்மவான் கதை. 1815இல் நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து, வேலையற்ற படைவீரர்கள் லிவர்பூல் தெருக்களில் அலைந்தபோது, பிச்சையாக இல்லாமல் கூலியாகக் கொடுப்பதற்காகவே வேலையை உண்டாக்கினார் என்கிறது அது. ஒரு குவியலை இங்கிருந்து அங்கே சுமக்கவைத்து, பிறகு திரும்பவும் இங்கேயே சுமக்கவைத்தார் என்று அதற்கு ஆதாரமும் சொல்வார்கள்.

லியோனின் கதைகளில் மனிதர் இல்லை, அமைப்புகளே உள்ளன. முதலில் வலுவாக நின்றது கோட்டைக் கருத்து. மதப் போர்களின்போது 1562இல் சீர்திருத்தச் சபையினர் நகரைக் கைப்பற்றிய பிறகு, அரசர் ஒன்பதாம் சார்ல்ஸ் 1564இல் குருவா ரூஸின்மேல் ஒரு கோட்டை கட்டவைத்தார். 1585இல் அது இடிக்கப்பட்டது. அதன் நிலவறைகள்தான் இவை என்றார்கள். கேட்கப் பொருத்தமாகவே இருந்தது. பிறகு வந்தது டெம்பிளர் கதை. சிலுவைப் போர் வீரத் துறவியரான அந்தச் சபையை 1312இல் கலைத்தது, லியோனுக்குத் தெற்கே பக்கத்தில் உள்ள வியென் நகரில் கூடிய திருச்சபைப் பொதுக்குழு. பணமும் ரகசியமும் உள்ள சபை, கலைக்கப்பட்ட இடமும் அருகில். காணாமல்போன புதையலை இங்கே வைத்திருக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பெயர் தெரிந்த இடத்தில் ஊர் குணச்சித்திரம் வரைந்தது. பெயர் தெரியாத இடத்தில் புகழ்பெற்ற பெயர் ஒன்றைக் கடன் வாங்கியது.

கேள்வி மாறியபோது

இரண்டு ஊரிலும் நிலைமை நகர்ந்தது, "எதற்கு" என்பதைச் சற்றே ஒதுக்கிவைத்து, "எப்படிச் செய்தார்கள்" என்று கேட்டபோதுதான்.

லியோனில் தொல்லியலாளர்கள் புதையலை விட்டுக் காரையைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு சுட விறகு எரிக்க வேண்டும். எரிந்த விறகின் கரித்துணுக்குகள் சுண்ணாம்போடு கலந்து காரைக்குள் தங்கிவிடும். அந்தக் கரியில் எஞ்சியுள்ள கார்பன் 14இன் அளவைக் கொண்டு மரம் உயிரோடு இருந்த காலத்தைக் கணிக்கலாம். விடை, கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் என்று வந்தது. வீச்சு பெரிதுதான். தவிர, கணிக்கப்படுவது மரத்தின் வயது. முதிர்ந்த மரத்தின் உட்பகுதி வெட்டப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வளர்ச்சியை முடித்திருக்கும். ஆகவே கட்டடம் கரியைவிட இளையதாக இருக்கலாம். லுக்டூனும் நிறுவப்பட்டதே கி.மு. 43இல் என்பதால், இந்த வீச்சின் பின்பகுதியை, அதாவது ரோமானியத் தொடக்க காலத்தை, நோக்கியே பார்வை சாய்கிறது. இவ்வளவு தயக்கங்களுக்குப் பிறகும் ஒன்று உறுதி: 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையும் இடைக்காலத் துறவியரும் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார்கள். விரல்நுனியில் ஒட்டும் கரி செய்த வேலை அது.

லிவர்பூலில் பாறையைப் பார்த்தார்கள். சுவர்களில் உளித்தடங்களும், கல்லைப் பாளமாகப் பெயர்த்த அடையாளங்களும், நீர் வடிய வெட்டிய வாய்க்கால்களும் தெரிந்தன. இவை கல் குவாரியின் அடையாளங்கள். நகரம் வேகமாக வளர்ந்த காலம் அது. கட்டடக் கல்லுக்குக் கிராக்கி. பாறையைப் பள்ளமாக வெட்டி எடுத்து, பிறகு பள்ளத்தின்மேல் வளைவு கட்டி மூடி, மேலே வீடும் தோட்டமும் போட்டால் நிலமும் திரும்பக் கிடைக்கும். அப்படியானால் நாம் சுரங்கம் என்று சொல்லும் பலவும் தோண்டிய சுரங்கங்களே அல்ல. மேலே மூடப்பட்ட குவாரிகள். உள்ளூர் ஆய்வாளர்கள் முன்வைத்த இந்த விளக்கம், எதற்கும் பயன்படாத மண்டபங்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. அவை எதற்காகவும் கட்டப்பட்டவை அல்ல. கல் எடுத்த பிறகு மிஞ்சியவை.

இதனால் தர்மவான் கதை பொய்யாகிவிடாது. கல்லுக்காக வெட்டினாலும் கூலி கொடுத்தாக வேண்டும்; வேலையற்றவனுக்குக் கூலி கிடைத்தால் அது உதவிதான். ஆனால் பாதியில் திசைமாறும் வளைவுகளையும் பாறையில் முடியும் கதவுகளையும் குவாரிக் கணக்கு மட்டும் விளக்காது. அங்கே அந்த மனிதரின் பிடிவாதமோ இரக்கமோ, இரண்டுமோ தேவைப்படுகின்றன.

யார் உள்ளே போகலாம்

இன்று எட்ஜ் ஹில்லில் கட்டணம் கொடுத்தோ, தன்னார்வலர் அழைத்துப் போகும் நாளிலோ உள்ளே இறங்கலாம். விருப்பமுள்ளவர்கள் மண்வாரியோடு சேர்ந்தும் கொள்ளலாம். அந்த ஊரின் அறிவு பெரிதும் அமெச்சூர்களின் முதுகுவலியால் கிடைத்தது. அதில் ஒரு விலையும் உண்டு. கதையை விற்றுத்தான் பார்வையாளரை இழுக்க வேண்டும் என்பதால், குவாரி விளக்கத்தைவிட விசித்திர மனிதர்தான் முன்னால் நிறுத்தப்படுகிறார்.

குருவா ரூஸின் மீன்முள் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. 1930இன் நினைவு உள்ள ஊரில் நகராட்சியின் எச்சரிக்கை புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பூட்டிய கதவு வதந்திக்கு நல்ல உரம். கரி சொன்ன தேதி வந்த பிறகும் டெம்பிளர் கதை சாகாததற்கு, பார்க்க விடாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் ஒரு காரணம். அனுமதியின்றி இறங்கும் சாகசக்காரர்களின் படங்கள் அதற்குத் தீனி போடுகின்றன.

எது பெரிய புதிர்?

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சமம்போல் தோன்றும். என் கணிப்பில் அப்படி இல்லை. எட்ஜ் ஹில்லில் கல் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டது. மிஞ்சியிருப்பது ஒரு மனிதரின் மனம். அதை எந்த மண்வாரியாலும் எட்ட முடியாது. ஒரு கணக்குப் புத்தகமோ கடிதமோ வெளிப்பட்டால் ஒழிய, அங்கே இனித் தோண்டுவது லிவர்பூல் ஏழைகளின் வரலாற்றுக்குச் சேரும், வில்லியம்சனின் நோக்கத்துக்குச் சேராது. அதுவும் நஷ்டமில்லை, பணக்காரர் ஒருவரின் கிறுக்கைவிட அந்த வரலாறு குறைந்த மதிப்புடையது அல்ல.

குருவா ரூஸில் நிலைமை வேறு. அங்கே நோக்கம் ஒரு தனி மனத்தில் ஒளிந்திருக்க வாய்ப்பில்லை. அத்தனை கல்லைக் குன்றுக்குள் கொண்டுபோன ஓர் அரசோ நிர்வாகமோ அதைத் தேவைக்காகவே செய்திருக்கும். அந்தத் தேவை வேறெங்காவது தன் தடத்தை விட்டிருக்கும். வேறொரு ரோமானிய நகரத்தின் அடியில் இதே வடிவம் கிடைத்தால், அல்லது கிணறுகள் மேலே திறந்த இடத்தில் அக்காலத் தரை அகழப்பட்டால், விடை ஒரே பருவத்தில் வந்துவிடக்கூடும். பெயர் தெரிந்த லிவர்பூல் சுரங்கத்தின் புதிர் அநேகமாக அப்படியே இருந்துவிடும். பெயரே இல்லாத லியோன் சுரங்கத்தின் புதிர்தான் தீரக்கூடியது.